இரண்டாவது வாசல்

"காலங்காத்தால போட்டுட்டு வர்ற ஆளை ரூட்டர்ல கை வைக்க விட்டா வேற என்ன ஆகும்?" மேலாளர் மேஜையைத் தட்டினார்.

நெட்வொர்க் பிரிவின் தலைவி தலைகுனிந்து நின்றாள். பழைய ஆபீஸும், போன மாதம் வாங்கிச் சேர்த்த புது ஆபீஸும் நேற்று ஆறு மணி நேரம் தொடர்பே இல்லாமல் திருதிருவென்று முழித்துக்கொண்டு கிடந்தன.

"அப்படி என்னதான் செஞ்சார்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"ரெண்டு ஆபீஸுக்கும் நடுவுல ரெண்டு ரூட்டர் சார், ரெண்டு வாசல் மாதிரி. எந்த இடத்துக்கு எந்த வழியா போகணும்ங்கிற தகவலை முதல் வாசல் வழியா அவங்களுக்குக் குடுக்கிறோம். குடுக்கும்போதே ஒரு நம்பரை ஒட்டி அனுப்புவோம். அதுதான் டேக். ரெண்டாவது வாசல்ல, 'இந்த டேக் இருந்தா உள்ளே விடாதே'ன்னு ஒரு வரி எழுதணும். அந்த வரியை விட்டுட்டார்."

"விட்டா?"

"நாம சொன்னதே அந்தப் பக்கம் சுத்திட்டு நம்மகிட்டயே வந்து நிக்கும். ஏதோ அவங்க சொல்ற புதுத் தகவல்னு நம்ம ரூட்டர் நம்பிடும். அப்புறம் எதுவும் போய்ச் சேராது, சுத்திக்கிட்டே இருக்கும்."

"நல்ல மெஷின் போங்க!" மேலாளர் சிரித்தார். சட்டென்று முகம் மாறியது. "கைத்தவறுன்னா மன்னிச்சு விட்டுடலாம். குடிச்சிட்டு செஞ்சா முடியாது. குடிக்கிற விஷயம் உறுதிதானே?"

"மூணு பேர் சொன்னாங்க சார். கேன்டீன்காரர், ஸ்டோர்காரர், புது ஆபீஸ் அதிகாரி. ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்ல."

"அப்ப அனுப்பிடுங்க."

அவள் தன் அறைக்குக் கூப்பிட்டதும் ரூட்டர்காரர் வந்தார். கசங்கின சட்டை, சிவந்த கண். பதினோரு வருஷமாக இங்கேதான் வேலை.

"வரியை விட்டது நான்தான் மேடம். கண்ணு சொக்கிடுச்சு. ஆனா சத்தியமா எனக்குக் குடிக்கிற பழக்கம் இல்ல."

"மூணு பேர் மூணு பக்கத்துல இருந்து சொல்றாங்க. எல்லாருமா சேர்ந்து பொய் சொல்வாங்க?"

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். "மூணு பக்கமா வந்தாலும், கிளம்பின இடம் ஒண்ணா இருக்கலாம் மேடம்."

இந்த நிலையிலும் பேச்சுக்குக் குறைச்சல் இல்லை என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"சம்பளத்தைக் குறைச்சுக்கங்க மேடம். கேபிள் இழுக்கிற வேலை குடுத்தாலும் செய்யறேன். வெளியே மட்டும் அனுப்பிடாதீங்க. ஆபீஸ் குடுத்த மருத்துவக் கார்டுலதான் வீட்டுல வைத்தியம் ஓடுது."

மாட்டிக்கொண்டதும் எல்லார் வீட்டிலும் ஒரு நோயாளி முளைத்துவிடுகிறது. அவள் கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார். பர்ஸிலிருந்து மருத்துவக் கார்டை எடுக்கத்தான் கொஞ்சம் நேரமானது.

"ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க மேடம். ரெண்டாவது வாசலை இன்னும் மூடித்தான் வெச்சிருக்கு. அந்த வரியை எழுதித் திறந்து விட்டுட்டுப் போயிடறேன்."

அவர் ஏதாவது விஷமம் செய்துவிடப் போகிறாரே என்று அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். ஒரே ஒரு வரி எழுதினார். இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு லிஃப்ட்டுக்குக்கூட நிற்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் மேலாளர், "அந்த மூணு பேர்கிட்டயும் எழுதி வாங்கிடுங்க" என்றார்.

அவள் புது ஆபீஸ் அதிகாரிக்குப் போன் செய்தாள்.

"நான் கண்ணால பார்க்கலீங்க. உங்க கேன்டீன்காரர் இங்கேயும் டீ கொண்டு வருவார் இல்ல? அவர்தான் சொன்னார்."

"எனக்கு ஸ்டோர் அண்ணன் சொன்னார் மேடம்" என்றார் கேன்டீன்காரர்.

"லிஃப்ட்காரர் சொன்னார். எனக்கென்ன தெரியும்?" என்று கை விரித்தார் ஸ்டோர்காரர்.

மூன்று பேர் ஒரே ஆளாகிவிட்டார்கள்.

லிஃப்ட்டில் வேறு யாரும் இல்லை. லிஃப்ட்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார்.

"ரூட்டர்காரர் குடிப்பார்னு ஸ்டோர்ல சொன்னது நீங்களா?"

"நான்தாம்மா. புத்தி கெட்டுப்போய் சொல்லிட்டேன். அன்னிக்கு சாயங்காலம் மனசு கேக்காம அவர்கிட்டயே விசாரிச்சேன். அவர் சம்சாரம் எட்டு மாசமா படுத்த படுக்கையாம். முதுகெல்லாம் புண்ணு. விடிய விடிய முழிச்சுக் கிடந்துட்டு, காலையில ஸ்பிரிட்ல கை கழுவி, கட்டு மாத்திட்டு ஓடி வர்றாராம். அந்த வாடைதாம்மா அது. இதையும் எல்லார்கிட்டயும் சொன்னேன். ஒருத்தரும் காதுல வாங்கல."

"உங்ககிட்ட... முதல்ல யார் சொன்னது?"

லிஃப்ட்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ரெண்டு வாரம் இருக்கும். நாலாவது மாடியில அவர் இறங்கினதும் மூக்கைப் பொத்திக்கிட்டு, 'காலங்காத்தால போட்டுட்டு வந்துட்டார் போல'ன்னு சிரிச்சீங்களேம்மா... கதவு இன்னும் மூடல. அவர் திரும்பி உங்களைப் பார்த்துட்டுத்தான் போனார்."