எட்டாவது சீரியல்

"இப்படி ஒரு புருஷன் உலகத்துல எங்கயாவது இருப்பானா? மூளைகெட்டவனுங்க!" என்று டி.வி.யைப் பார்த்துச் சீறினார் விமர்சகர். திரையில் ஒரு கணவன், டீயில் சூடு போதவில்லை என்று மனைவியிடம் முகம் சுளித்துக்கொண்டே பெண் விடுதலை பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தான்.

ஸ்டூலில் நீட்டிய காலை எடுக்காமல் விமர்சகர் தன் டம்ளரை நீட்டினார். "ஆறிப்போச்சு. வேற கொண்டா."

மனைவி கொண்டுவந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, மளிகை லிஸ்ட் எழுதும் நோட்டை மடியில் விரித்துக்கொண்டாள்.

பெண்ணையும் பண்பாட்டையும் பற்றி இருபத்திரண்டு வருடமாக வாராவாரம் டி.வி. விமர்சனம் எழுதுகிறவர் அவர். ஏழு சீரியல்களை ஊற்றி மூடியதாக அவரே சொல்லிக்கொள்வார். இது எட்டாவது. பெயர்கள் ஓடும் இடம் வந்ததும் ரிமோட்டால் தள்ளிவிட்டார்.

"கண்ட கழுதைங்க பேரெல்லாம் எனக்கு எதுக்கு?"

"நீங்க எழுதினா நிஜமாவே நிறுத்திடுவாங்களா?" பேனாவை நிறுத்திக் கேட்டாள் மனைவி.

"ஒரு மாசம் தாங்காது. உனக்கென்ன கவலை? சீரியல் பார்த்து மூக்கைச் சிந்தற கூட்டம்தானே நீயும்!"

"அந்தப் புருஷன் பேசறது அச்சு அசலா இருக்குங்க."

"உனக்கு என்னடி தெரியும்? பொம்பளைக்குச் சுதந்திரத்தை ஆம்பளைதான் கொடுக்கணும். அதை எப்படி வச்சுக்கணும்னும் அவன்தான் சொல்லித் தரணும். இதுகூடப் புரியாத மடையன் எவனோ வசனம் எழுதறான்!"

"இன்னொரு தடவை சொல்லுங்க."

விமர்சகருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பரவாயில்லையே, வீட்டிலும் ஒரு ரசிகை! மேடையில் பேசுவதுபோல நிறுத்தி நிதானமாக மறுபடி சொன்னார். அவள் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"பருப்பு எழுது, தீர்ந்துபோச்சு" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். 'மனித வாடையே இல்லாத வசனம்' என்று கட்டுரையை ஆரம்பித்தார்.

சமையலறையில் மனைவியின் செல்போன் அதிர்ந்தது. கதவைச் சாத்திவிட்டு எடுத்தாள்.

"பயப்படாதீங்க மேடம்" என்றது ஓர் ஆண் குரல். "அந்த ஆள் திட்டத் திட்ட நமக்குக் கூட்டம் ஏறுது. இன்னும் ஒரு வருஷம் ஓட்டச் சொல்லிட்டாங்க. நாளைக்கு ஷூட்டிங், அந்தப் புருஷனுக்கு வசனம் எழுதிட்டீங்களா?"

அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"ரெடி சார், இப்பத்தான் எங்க வீட்டுக்காரர் பேசி முடிச்சாரு."