தறிச் சத்தத்துக்குள் ஒரு சீழ்க்கை

பல்லடத்துத் தறிக்கூடத்தில் அத்தனை தறிகளும் ஒரே மூச்சாக ஓடுகின்றன. ஓரத்து ஆபீஸ் அறையில் டம்ளருக்குள் டீ நடுங்குகிறது. பஞ்சுத் தூசி மிதக்கும் சாயங்கால வெயில் கம்ப்யூட்டர் திரையில் சாய்ந்து விழ, அங்கே சிவப்பும் பச்சையுமாக வரைகோட்டு மலைகள் எழுந்து எழுந்து அடங்குகின்றன. விஞ்ஞானிகள் வானத்து ரேடியோ இரைச்சலைத் துண்டு போட்டு உலகமெங்கும் ஆர்வலர்களுக்கு அனுப்புகிறார்கள். கணக்கெழுதும் அன்புக்கரசிக்கும் ஒரு துண்டு வந்திருக்கிறது. வேற்றுலகத்தார் யாராவது அதில் கூப்பிடுகிறார்களா என்று கம்ப்யூட்டர் சலித்துத் தேடிக்கொண்டிருக்கிறது. முதலாளி ஜெரோமின் விரல் அதன் சுவிட்சின் மேல் நிற்கிறது. "கரண்டுக்குப் புடிச்ச கேடு அம்மணி! இத்தன இரைச்சல்ல எவன் கூப்புட்டு எவனுக்குக் கேக்கப்போகுது?" என்று கத்துகிறார். கத்தினால்தான் இங்கே பேச்சு. அன்புக்கரசி எழுந்து அறை வாசலுக்குப் போகிறாள். இரண்டு விரலை நாக்குக்கடியில் மடக்கி, நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு என்று சீழ்க்கை விடுகிறாள். இந்தக் கூடத்தில் ஆளுக்கொரு சீழ்க்கை உண்டு. பக்கத்துத் தறிக்காரர்கள் யாரும் திரும்பவில்லை. கடைக்கோடியில் அறுந்த நூலை முடிந்துகொண்டிருக்கும் அவள் புருஷன் சின்னான் மட்டும் வெடுக்கென்று நிமிர்கிறான். பஞ்சு படிந்த புருவம் உயர, விரலை வாயில் வைக்கிறான். அத்தனை இரைச்சலையும் கிழித்துக்கொண்டு பதில் வந்து சேர்கிறது. "கேட்டுச்சுங்களா?" என்கிறாள் அன்புக்கரசி, முகமெல்லாம் சிரிப்பாக. ஜெரோமின் விரல் சுவிட்சை விட்டு இறங்குகிறது. நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்கிறார். "எங்க, நம்ம துண்டக் காட்டு அம்மணி."