வரவேற்புரை

கங்காரு பிறந்தது அந்தக் குளத்தங்கரையில்தான். குளத்தைச் சுற்றிச் செம்மறிகள் வேலி போட்டு வெகுகாலமாயிற்று. ஆண்டுக்கொரு நாள் மட்டும் கதவைத் திறந்து கங்காருவை உள்ளே கூப்பிடும்.

"இது உங்க மண்ணு. நீங்க 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் எங்க விழாவே தொடங்கும்," என்றது தலைமை ஆடு.

கங்காருவுக்கு நாக்கு வறண்டிருந்தது. பைக்குள் குட்டி பாலில்லாமல் முனகியது. ஆனாலும் முன்னோர் வழக்கப்படி சொன்னது: "வந்தவங்களே, வாங்க. தாகம் தீரக் குடிங்க."

ஆடுகளுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு குளத்தில் இறங்கிக் குடித்தன. கங்காருவும் ஓரடி எடுத்து வைத்தது.

"என்ன அருமையாப் பேசினீங்க!" என்றபடி தலைமை ஆடு அதை வாசல்வரை கொண்டுபோய் விட்டது. "அடுத்த வருஷமும் கட்டாயம் வரணும்."

"எங்கே போயிடப் போறேன்," என்றது கங்காரு, சாத்திய கதவுக்கு வெளியே நின்று.