கண்கட்டும் மூன்று இசைத்தட்டுகளும்

மருத்துவமனை அறையில் வெல்டர் சாய்வு நாற்காலியில் இருக்கிறான். அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பது நாளாக இரண்டு கண்ணிலும் கட்டு. பார்வை திரும்பியதா என்பது அதைப் பிரித்தால்தான் தெரியும். சன்னல் வெயில் அவன் முழங்காலில் விழுந்து கிடக்கிறது. நூலகத்தில் வேலை பார்க்கும் தங்கை, அவன் கேட்டே இராத இசைத்தட்டுகளாகப் பார்த்து எடுத்து வந்திருக்கிறாள். முதல் தட்டில் வெறும் முரசுகள். அவன் விரல்கள் சும்மா இருக்கவில்லை. மின்கிட்டார்கள் இரைந்த இரண்டாவதற்கு, "பட்டறையில கிரைண்டர் ஓடுற மாதிரியே இருக்கு, ஆனா ஒருத்தன்கூட தப்பல பாரு!" என்று வாயைப் பிளந்தான். இப்போது மூன்றாவது சுழல்கிறது. வாத்தியமே இல்லாமல், புரியாத மொழியில் பத்துப் பேர் பாடுகிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறான். "ஒரு குரல் எங்க முடியுது, அடுத்தது எங்க சேருதுன்னே தெரியலம்மா. இருபது வருஷமா இரும்ப ஒட்டுறேன், இப்படி ஒரு ஒட்டு நான் போட்டதில்ல." கதவருகே நர்ஸ், கையில் கத்தரிக்கோல் வைத்த தட்டு. "டாக்டர் சொல்லிட்டாருண்ணே, கட்டப் பிரிச்சிடலாமா?" இந்த நிமிஷத்துக்காக ஒன்பது நாளும் எல்லாரையும் நச்சரித்தவன், உள்ளங்கையை உயர்த்துகிறான். "ரெக்கார்டுல இந்தப் பக்கம் முடியட்டும் சிஸ்டர்." நர்ஸ் கத்தரிக்கோல் தட்டைச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்கிறாள்.