நெஞ்சுப்பட்டை

அறுபதைத் தாண்டியவர்களின் காலை நீச்சல் வகுப்பில் எல்லோரும் நெஞ்சில் ஒரு பட்டை கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். அவரவர் இதயத் துடிப்பு பயிற்சியாளர் ரெஹானாவின் போனில் எண்ணாகத் தெரியும். நூற்றுப்பத்தைத் தாண்டினால் விசில்; உடனே மேலே ஏறிவிட வேண்டும். சவரிமுத்துவுக்கு மூன்று வாரமாக மூன்றாவது சுற்றிலேயே விசில் விழுந்தது. ஆழமான பக்கத்தை ஒருமுறையாவது தொட்டுவிட வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை.

அன்று அவர் தன் பட்டையை மனைவியிடம் நீட்டினார்.

“நீ கட்டிக்கிட்டு சும்மா பெஞ்சில உக்காரு, பிலோ. எழுபதத் தாண்டாது. நான் சட்டையோடதான நீந்துறேன், யாருக்குத் தெரியப்போகுது?”

“ஒங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு” என்றாள் பிலோமினா. ஆனாலும் வாங்கிக்கொண்டாள். ஈரமாக இருந்தால்தான் அது துடிப்பைப் பிடிக்கும் என்பதால் நனைத்துக் கட்டிக்கொண்டாள். தினமும் அவருக்கு நனைத்துக் கட்டிவிடுபவள் அவள்தான்.

மூன்றாவது சுற்றுக்கு விசில் இல்லை. நான்காவதற்கும் இல்லை. சவரிமுத்து சந்தோஷமாக ஆழத்தின் பக்கம் திரும்பினார். பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டார், ரெஹானாவின் விசில் அலறியது.

“சார், மேல வாங்க! நூத்தி நாப்பத்தொண்ணு!”

“எனக்கு மூச்சுகூட வாங்கலயேம்மா” என்று ஏணியைப் பிடித்தவர், பெஞ்சைப் பார்த்தார். மடித்த துண்டை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு பிலோமினா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவர் ஒரு படி ஏறினார். ரெஹானாவின் கையில் எண் இறங்கியது. இன்னொரு படி ஏறினார். இன்னும் இறங்கியது.