வளைவில் ஒரு வெள்ளைக் கார்

"பயப்படாதீங்கண்ணே. இந்த வண்டி கவுந்தா யாருக்கும் அடிபடாது," என்றாள் அம்சவள்ளி.

மாரியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. விழுப்புரத்தில் பாதிக் கார்களைப் பிரித்து மாட்டிய கை, கீபோர்டைத் தொடாமல் அக்குளில் ஒளிந்துகொண்டது. ஏ.சி. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு சமாதானம் சொல்லி வைத்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வரச் சொன்னபோதே அவருக்குக் கோயிலுக்கு வந்த மாதிரியும் இருந்தது, ஆஸ்பத்திரிக்கு வந்த மாதிரியும் இருந்தது.

ஊரில் புதிதாகத் திறந்த கம்ப்யூட்டர் சென்டரில் அம்சவள்ளி டீச்சர். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். கார் ரேஸ் விளையாட்டு ஒன்றை அவளே கம்ப்யூட்டரில் எழுதியிருந்தாள். டயர், ஸ்டியரிங், பிரேக் என்று எதை வேண்டுமானாலும் மாற்றி வைத்து ஓட்டிப் பார்க்கலாம். நிஜக் கார் மாதிரி ஓடுகிறதா என்று கார் தெரிந்தவர் சொன்னால்தான் நிம்மதி என்று ஷெட்டுக்கே வந்து கூப்பிட்டாள். வெற்றிலை பாக்கு வைக்காததுதான் குறை.

வேறு சமயமாக இருந்தால் மாரியப்பன் வந்திருக்கமாட்டார். இப்போதெல்லாம் ஷெட்டில் தனியாக உட்காரவே அவருக்குப் பிடிக்கவில்லை. அவரிடம் பிரேக் வேலை பார்த்துவிட்டுப் போன ரைஸ்மில்காரரின் வெள்ளைக் கார், கூட்டேரிப்பட்டு தாண்டி ஒரு வளைவில் புளியமரத்தில் மோதிவிட்டது. மில்காரர் அங்கேயே போய்ச் சேர்ந்தார். டிரைவர் அரங்கநாதன் தூங்கிவிட்டான் என்றது ஊர். பிரேக் கோளாறு என்றான் அவன். பிரேக் சுத்தமாக இருந்தது என்று மாரியப்பன் போலீசில் எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை திண்டிவனம் கோர்ட்டில் கூண்டேறி அதையே சொல்ல வேண்டும். சொன்னால் அரங்கநாதன் ஜெயிலுக்குப் போவான். சொல்லும்போது நாக்குக் குழறினால் மாரியப்பன் ஷெட்டை இழுத்து மூட வேண்டியதுதான். விபத்து நடந்த நாளிலிருந்து அவர் எந்த வண்டியையும் தன் கையால் ஓட்டிப் பார்ப்பதில்லை. கண்ணை மூடினால் அந்த வளைவுதான் வந்து நிற்கிறது.

அம்சவள்ளி பட்டன்களைக் காட்டினாள். இடப்பக்கம் திருப்ப ஒன்று, வலப்பக்கம் திருப்ப ஒன்று. கீழே இருந்த நீளக் கட்டைதான் பிரேக்.

முதலில் பின் டயரில் காற்றைக் குறைத்து வைத்தாள். கம்ப்யூட்டரோடு மாட்டியிருந்த டி.வி.யில் கார் வாலை ஆட்டிக்கொண்டே போய் வயலில் இறங்கியது. மாரியப்பன் சுட்டுக்கொண்டவர் போலக் கையை எடுத்துவிட்டார். அடுத்து ஸ்டியரிங்கைத் தளர்த்தினாள். இவ்வளவு ஆட்டம் இருந்தால் வண்டி நேர் ரோட்டிலேயே அலையும் என்று அவர் திருத்தம் சொன்னார். அவள் உடனே மாற்றினாள். இன்னும் கொஞ்சம் என்றார். மாற்றினாள். அப்படியே தொழில் பேச்சில் இறங்கியதில் பயம் விலகி, ஒரு டீ குடித்தால் தேவலை என்றுகூட அவருக்குத் தோன்றியது.

"இனி பிரேக் ஒண்ணுதாண்ணே," என்று அவள் ஏதோ தட்டினாள்.

டி.வி.யில் ரோடு மாறியது. இரண்டு பக்கமும் மரங்கள். தூரத்தில் ஒரு வளைவு. அதை நோக்கிப் போக ஒரு வெள்ளைக் கார் தயாராக நின்றது.

மாரியப்பன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "வேற ரோடு இல்லியா டீச்சர்?"

"நான் தெனம் பஸ்ஸுல வர்ற ரோடுண்ணே. ஜன்னல் வழியா பாத்துக்கினே வந்து எழுதினது."

"காரு வெள்ளையா இருக்குதே."

"பிளாக் அண்ட் ஒயிட் டி.வி.யில எந்தக் காரும் வெள்ளையாத்தான் தெரியும்."

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தார். ஒரு டி.வி. பொம்மைக்குப் பயந்து ஓடினால் அவள் என்ன நினைப்பாள்? உள்ளங்கை வியர்வையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பிரேக்குல நான் எதையுமே மாத்தல. சுத்தமா இருக்குது," என்றாள் அவள். "வளைவுக்கு முன்னாடி பிரேக்கை மட்டும் அழுத்துங்க. திருப்பவே வேணாம், வண்டி நேரா நிக்கும்."

கார் கிளம்பியது. மரங்கள் வேகமெடுத்தன. வளைவு நெருங்க, மாரியப்பன் டி.வி.யை நோக்கிக் குனிந்தார். நீளக் கட்டையை ஓங்கி அழுத்தினார்.

கார் நேராக நிற்கவில்லை. சட்டென்று வலப்பக்கம் ஒடித்துக்கொண்டு ரோட்டைக் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்க மரத்தில் மோதியது.

"என்னா டீச்சர் இது, பிரேக்கு சுத்தம்னு சொன்ன, வலது பக்கமா இழுத்துக்கினு போவுது?" என்று கேட்டார்.

"பிரேக்கு சுத்தமாத்தாண்ணே இருக்குது. உங்க வெரலைப் பாருங்க."

பார்த்தார். அவருடைய இன்னொரு கையின் விரல், வலப்பக்கம் திருப்பும் பட்டனை இன்னமும் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது.

"'பிரேக் போட்டா இடது பக்கம் இழுக்கும், வலது பக்கமா ஒடிச்சுக்கினே போடு, அப்புறமா சரி பண்ணிக்கலாம்'னு சாவி குடுக்கும்போது நீங்க சொன்னீங்களாம். எங்க அண்ணன் எல்லார்கிட்டயும் சொல்லிப் பாத்துச்சு, ஒருத்தரும் நம்பல," என்றாள் அரங்கநாதனின் தங்கை.