முசியேவின் கம்ப்யூட்டர்

"சிந்து, ஸ்க்ரீன்ல பக்கம் தபால்தலை சைசுக்குச் சுருங்கிப்போச்சுடி. நீ சொல்ற 'வியூ' இங்க இல்லவே இல்ல. எல்லாம் பிரெஞ்சு!" நிர்மலாதேவி வாயைக் கையால் மறைத்துக்கொண்டு போனில் கிசுகிசுத்தாள்.

"பிரெஞ்சு தெரியும்னு சொல்லித்தானேக்கா வேலைக்குச் சேந்த?" மறுமுனையில் தங்கை சிந்துஜா சிரித்தாள்.

"சிரிக்காத. போன்ஜூர், மெர்சிக்கு மேல எனக்கு என்ன தெரியும்? அவருக்குத் தெரிஞ்சா இன்னிக்கே வீட்டுக்குப் போன்னு சொல்லிடுவாரு."

அவர் என்றால் சக்கரபாணி. புதுச்சேரிக் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் விடுதியின் முதலாளி. சார் என்றால் பிடிக்காது; முசியே என்றுதான் கூப்பிட வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டர்கூட மச்சான் பாரிஸிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. எதைத் தொட்டாலும் ஒரு பெட்டி எழும்பி பிரெஞ்சில் ஏதோ கேட்கும். பாவம், வேலைக்கு வந்த ஒரு வாரத்திலேயே நிர்மலாவுக்குத் தலை சுற்றிவிட்டது.

காலையில் அப்படி ஒரு பெட்டியைக் காட்டி, துணிந்து கேட்டும் பார்த்துவிட்டாள். "முசியே, இதுக்கு என்ன குடுக்கட்டும்?"

அவர் எட்டிப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"படிச்சுப் பாத்து நீயே குடும்மா. அதுக்குத்தானே பிரெஞ்சு தெரிஞ்ச பொண்ணா பாத்து வெச்சிருக்கேன்!"

சோதிக்கிறாரோ? அதனால்தான் இப்போது தங்கைக்குப் போன்.

"அக்கா, மேல இடதுபக்கம் மொதல்ல இருக்கறத அமுக்கு. கடைசில 'ஆப்ஷன்ஸ்' இருக்கா? பிரெஞ்சுலயும் அதே எழுத்துதானாம்."

"இருக்குடி, இருக்கு!"

"உள்ள எல், ஏ, என், ஜின்னு ஆரம்பிக்கிறது லாங்குவேஜ். அதுல இங்கிலீஷுக்கு மாத்திட்டு, மூடித் தொற."

மூடித் திறந்தாள். ஃபைல், ஹோம், வியூ. வேற்றூரில் சொந்தக்காரர்களைப் பார்த்ததுபோல் இருந்தது அவளுக்கு.

"கெளம்பும்போது பழையபடி பிரெஞ்சுக்கே மாத்திடறேன். அவருக்குத் தெரியவே தெரியாது," என்று போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

பின்னால் சக்கரபாணி நின்றிருந்தார்.

"முசியே... அது வந்து... நான் பொய் சொல்லிட்டேன். எனக்கு பிரெஞ்சு..."

"எழுந்திரு."

கண்ணில் நீர் முட்ட எழுந்தாள். போச்சு, வேலை போச்சு.

அவர் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். வாசலில் யாரும் இல்லையே என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"எங்கேம்மா ஒளிச்சு வெச்சிருந்தானுங்க இந்த இங்கிலீஷ? வாங்கின நாள்லேருந்து தேடிட்டிருக்கேன்," என்றார் ரகசியக் குரலில். "தயவு செஞ்சு திருப்பி மாத்திடாத. எனக்கும் பிரெஞ்சு சுத்தமா வராது!"